தூரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டேன்

தூத்தூர்

அன்பு மகளுக்கு,

நீ டொராண்டோவுக்குப் போன அன்று இரவு, "பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள்?" என்று அம்மா கேட்டாள். தாளில் கணக்குப் போட்டு 9,600 கடல் மைல் என்றேன். கிலோமீட்டரில் 17,800. அவள் ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அந்தக் கணக்கு தவறு, மக்களே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போன காலம் முழுவதும் எனக்குச் சோறு போட்ட கணக்கு அது. திருவனந்தபுரம் விமான நிலையம் கிழக்கே ஏறக்குறைய 77, டொராண்டோ மேற்கே ஏறக்குறைய 80 டிகிரி. இடைப்பட்ட 156½ டிகிரியையும், வடக்கே ஏறும் 35 டிகிரியையும் அறுபதால் பெருக்கி, செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் குறுக்குக்கோடு கண்டேன். நம் கடலில் இது பிசகாது. எட்டாவது அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி ஓடினால் 59 மைலுக்கு மேல் வந்துவிடும். ஆனால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுகின்றன. அறுபதாவது அட்சரேகையில் அதே ஒரு டிகிரி வெறும் 30 மைல்தான். அந்தக் குளிர்க்கடலில் நான் வலை போட்டதில்லையே.

போன வாரம் படகு கரையில் நின்றபோது, ஜிபிஎஸ் கருவியில் இரண்டு விமான நிலையங்களையும் குறித்துப் பார்த்தேன். 7,400 சொச்சம் கடல் மைல், திசை 340 டிகிரி என்று காட்டியது. மேற்கே இருக்கும் ஊருக்கு வடக்கே போகச் சொல்கிறதே, கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, பள்ளியில் உனக்குப் பரிசாகக் கிடைத்த பூகோள உருண்டையை எடுத்தேன். தங்கூசி நரம்பின் (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் இழை) ஒரு முனையைத் திருவனந்தபுரத்தில் அம்மா கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். மறுமுனை டொராண்டோவில் என் கையில். தளர்வாக விட்டபோது நரம்பு அரபு நாடு, சகாரா வழியாகக் கிடந்தது. இழுத்தேன். வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது! ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, நார்வேக்கு மேற்கே கடல், அப்புறம் கிரீன்லாந்து. எழுபதாவது அட்சரேகை வரை ஏறித்தான் உன்னிடம் இறங்குகிறது. கருவி சொன்னது சரிதான்.

கருவி காட்டிய அந்தக் கடல் மைல் கணக்கு சுமார் 13,750 கிலோமீட்டர். நீ துபாய் வழியாகப் போனதைக் கணக்கிட்டாலும் 2,950, அதன் மேல் 11,080, ஆக 14,030. சுற்றுவழி என்று அன்று எவ்வளவு வருத்தப்பட்டேன்! கூடுதல் 280 கிலோமீட்டர்தான். காற்றையும் வான்வழி அனுமதியையும் பார்த்து விமானம் இன்னும் சற்று வளைந்து போகும், அது வேறு.

"நாலாயிரம் கிலோமீட்டர் குறைந்துவிட்டது" என்றேன் அம்மாவிடம். அவள் கட்டைவிரலை எடுக்கவே இல்லை. அந்த நரம்பை அளவாக வெட்டி உருண்டையிலேயே ஒட்டி வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பார். டிக்கெட் எடுத்ததும் இறங்கும் நேரத்தை எழுது. நான் விமான நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா