கண்மாய் மாதிரி ஒரு இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. வேலை, சாப்பாடு, குளிர் மூன்றையும் ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். முதியோர் இல்லத்தில் இந்த மாதம் எனக்கு ஷிஃப்ட் கொஞ்சம் குறைவு, அதனால் நல்ல ஓய்வு. கூட இருந்த திண்டுக்கல் தம்பி வேறு ஊருக்குப் போய்விட்டான். அறை முழுக்க எனக்குத்தான், வசதியாக இருக்கிறது. அம்மா கொடுத்த பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னேனே, குப்பை வண்டி போனதும் தொட்டியைக் கழுவித் துடைத்து வைப்பாரே, அவர்தான். மனிதர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பறவை என்றால் மட்டும் வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் தட்டி, சும்மாதானே இருக்கிறாய், வா என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

மார்ட்டின் மியர் என்று பெயர், இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த லங்காஷயரிலேயேதான். முன்பு பெரிய ஏரியாம். 300 வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து வயலாக்கியிருக்கிறார்கள். மதுரையில் கண்மாயைத் தூர்த்துக் கட்டடம் கட்டியவர்களுக்கு இங்கேயும் பங்காளிகள் உண்டு போல. மிஞ்சிய சதுப்பை 1975-ல் பறவைகளுக்கான இடமாகத் திறந்திருக்கிறார்கள். உள்ளே போக டிக்கெட். அவரே எடுத்தார், நான் தடுக்கவில்லை.

தண்ணீர் ஓரமாகப் பலகைக் குடிசைகள். நீளமான ஜன்னல் வழியாக எல்லோரும் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வெந்நீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் சூடு.

ஐஸ்லாந்திலிருந்து வரும் அன்னங்களை அங்கேதான் பார்த்தேன். நிஜ அன்னம், அப்பா. கறுப்பு அலகில் பாதிக்கு மேல் மஞ்சள். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ வரும். சித்தப்பா வந்திருந்தால் முதலில் வலை எங்கே என்று கேட்டிருப்பார். நாயனக்காரர் சீவாளியைப் பதம் பார்ப்பது போல ஒரு குரல். சிலவற்றின் காலில் எழுத்துப் போட்ட வளையம் மாட்டியிருக்கிறார்கள். பெரியவர் எழுத்தைப் படித்து நோட்டில் குறித்துக்கொண்டார். இந்த வருஷக் குஞ்சுகள் மட்டும் சாம்பல் நிறம். கடல் தாண்டும் முதல் பயணத்தை அவை தாய் தகப்பனோடுதான் வருமாம், குளிர்காலம் முழுக்கப் பிரியாதாம். அதைக் கேட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆள்காட்டியும் உண்டு. நம்ம ஆள்காட்டி மாதிரி கத்தாது, தலையில் கொண்டை வேறு.

சாயங்காலம்தான் வேடிக்கை. இளஞ்சிவப்புக் காலுள்ள காட்டு வாத்துகள் செப்டம்பரிலேயே ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கமிருந்து வந்துவிடும். பகலில் உருளைக்கிழங்கு வயல்களில் அறுவடைக்குப் பின் கிடப்பதைப் பொறுக்கித் தின்றுவிட்டு, இருட்டும் நேரம் தண்ணீருக்குத் திரும்பும். வரிசை வரிசையாக வானம் முழுக்கச் சத்தம். காற்று திரும்பியதும் சேற்று வாசனை வந்தது. அப்படியே நம் கண்மாய். தண்ணீர் வற்றும்போது மீன் பிடிக்க நீங்கள் என்னைத் தோளில் தூக்கிப் போனதும், வீட்டுக்கு வந்ததும் அம்மா அயிரை மீனை மண்சட்டியில் போட்டு உரசியதும்... பெரியவர் என்ன ஆச்சு என்று கேட்டார். குளிர் என்று சொல்லிவிட்டேன்.

சரி, அது போகட்டும். கொள்ளுக்குடிப்பட்டி அத்தை தீபாவளிக்குக் கூப்பிட்டதாகவும், அங்கே வெடி போட முடியாது என்று பிள்ளைகள் அழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரு வருஷம் போகட்டும் அப்பா. நாரைகளுக்காக ஊரே வெடி வெடிக்காமல் இருப்பதைச் சொன்னேன், பெரியவர் நம்பவே இல்லை. நத்தைகுத்தி நாரை கூட்டில் இருப்பதைத் தம்பியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், காட்ட வேண்டும்.

பாகப்பிரிவினைக்கு அத்தை கையெழுத்துக் கேட்டால் இப்போதைக்குப் போட வேண்டாம். ஓடைப்பக்கத்து வயல் யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பட்டாவைப் பாருங்கள். சண்டையாகப் பேசாதீர்கள், அவர்களுக்கும் பெண் கல்யாணம் நிற்கிறது. பேங்கில் இருக்கும் அம்மாவின் செயினைத் தீபாவளிக்குத் திருப்ப முடியாது போலிருக்கிறது. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள், பணம் 5-ஆம் தேதிக்குள் வரும். தங்கச்சி வளைகாப்புக்கு அம்மா கழுத்தில் போட அண்ணியிடம் வாங்கிக்கொள்ளலாம், நான் அண்ணனிடம் பேசிவிட்டேன்.

பெரியார் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்களா? கடைமடைக்கு வந்தால் மட்டும் நாற்றுப் பாவுங்கள். கிணற்று மோட்டார் காயில் போனதென்றால் கட்டிப் பார்க்க வேண்டாம், போன தடவையும் இரண்டு மாதம்தான் ஓடியது. மேலூரில் விசாரித்துப் புதிது என்ன விலை என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சின்னவன்