மாரிக்கு முன்: வடக்கு அறையின் ஈரம் பற்றி மகளுக்கு

உவர்மலை,
திருகோணமலை.
ஆவணி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

ஸ்காபரோவில் உன் வீட்டு பேஸ்மன்றுக்கு வாங்கியதைப் போன்ற டீஹியூமிடிஃபயர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் இயந்திரம்) ஒன்றை, அடுத்த முறை கப்பலில் பெட்டி போடும்போது எங்களுக்கும் சேர்த்து அனுப்பிவிடுவதாக எழுதியிருந்தாய். மாரி தொடங்கினால் அப்பாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) கூடிவிடும் என்ற கவலையில்தான் நீ அவசரப்படுகிறாய் என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் பிள்ளை, அதை அங்கிருந்து அனுப்ப வேண்டாம். இயந்திரம் கட்டாயம் தேவை. அதை இங்கேயே வாங்குவோம். வாங்குவதற்கு முன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. இதுவே அப்பாவும் நானும் பேசி எடுத்த முடிவு. காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தால் வோல்ற்றளவைக் குறைக்கலாம், ஆனால் மீடிறனை, அதாவது அந்த ஹேர்ட்ஸ் எண்ணை, அது மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கென்று செய்த கம்பிரசர் 50 ஹேர்ட்ஸில் மெதுவாகச் சுழன்று, சூடேறி, ஆயுள் குறைந்து போகும். பழுதானால் பாகம் எடுக்க இங்கே வழி கிடையாது, உத்தரவாதமும் செல்லாது. இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

நாளொன்றுக்கு எடுக்கும் நீரின் அளவாக உன்னுடைய இயந்திரத்தில் 50 பைந்து என்று எழுதியிருப்பதாகவும், கொழும்புக் கடையின் விளம்பரத்தில் 20 லீற்றர் என்று இருப்பதால் அது சிறியதோ என்றும் கேட்டிருந்தாய். 50 அமெரிக்கப் பைந்து என்பது ஏறக்குறைய 23.7 லீற்றர். ஆனால் அந்த இரண்டு எண்களையும் நேரே ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு நிலைமைகளில் அளந்தவை. வட அமெரிக்காவில் 2019 முதல் 18.3 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதனிலும் சோதித்து எண் போடுகிறார்கள். அதற்கு முன் 26.7 பாகையில் சோதித்தார்கள், ஆகவே பழைய 70 பைந்து இயந்திரமே இன்று 50 பைந்து என்ற பெயரில் விற்பனையாகிறது. இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலும் 30 பாகையிலும் 80 சதவீதத்திலும் அளந்த எண்ணையே பெட்டியில் பெரிதாக அச்சிடுகிறார்கள். அறை உலர்ந்து 60 சதவீதத்தை நெருங்கும்போது அந்த 20 லீற்றர் ஏறக்குறைய பாதியாகிவிடும். கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த எண்ணை எந்த வெப்பநிலையில், எந்த ஈரப்பதனில் அளந்தார்கள் என்பதுதான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். முழு வீட்டையும் உலர்த்துவதற்கு எந்த இயந்திரமும் போதாது. விறாந்தையும் முன் மண்டபமும் ஓட்டுக் கூரையின் கீழே, காற்று போய்வருவதற்கென்றே கட்டியவை. கச்சான் வீசும் இந்த நாட்களில் யன்னல்களைத் திறந்துவிட்டாலே வீடு காய்ந்து போகிறது. ஐப்பசியில் மழை தொடங்கி வாடைக்காற்றுத் திரும்பிய பின்னர்தான், தை வரையும், திறந்த யன்னல் வழியே கடலின் ஈரம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த மாதங்களுக்கு ஓர் அறையை மட்டும் தெரிவுசெய்து, அதை அடைத்து, அதற்குள் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே நடக்கக்கூடிய காரியம். அப்பா படுக்கும் வடக்கு அறையையே தெரிவுசெய்திருக்கிறோம். அவருடைய புத்தகங்கள், காணி உறுதிகள், உன் சிறுவயதுப் படங்கள், உன் கூறைச்சீலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ஏன் அடைக்க வேண்டும் என்பதற்கு நான் போட்ட கணக்கை நீயும் பார். அந்த அறை 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கனவளவு ஏறக்குறைய 48 கன மீற்றர். 27 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று நிரம்பல் நிலையில் ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதனை 85இலிருந்து 55 சதவீதத்துக்கு இறக்க, கன மீற்றருக்கு 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே அகற்ற வேண்டியிருக்கும். முழு அறைக்கும் சேர்த்தால் 370 கிராம், அதாவது அரை லீற்றர்கூட இல்லை. எந்தச் சிறிய இயந்திரமும் இதைச் செய்துவிடும். ஆனால் அறையின் காற்று மணிக்கு ஒரு முறை வெளிக்காற்றால் மாற்றப்பட்டால் அதே 370 கிராம் ஒவ்வொரு மணியும் புதிதாக வந்து சேரும். நாளுக்கு ஏறக்குறைய 9 லீற்றர். மணிக்கு ஐந்து முறை மாறினால் 44 லீற்றர். யன்னலுக்கு மேலேயுள்ள காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுவது டச்சு பே கடலை வாளியால் இறைக்கும் வேலை. துவாரங்களைக் கழற்றி மாட்டக்கூடிய பலகையால் மூடி, கதவின் அடியில் றப்பர் பட்டி வைத்தால், மாற்றம் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறையாகக் குறையும் என்று எடுத்துக்கொள்வோம். அப்போது நாளுக்கு நாலரை லீற்றர். அவர் உறங்குவதற்கு அந்தக் காற்று போதும், பகலில் மழை விட்ட நேரம் சிறிது திறந்துவிடலாம்.

இந்தக் கணக்கில் சுவரிலிருந்து வரும் நீரை நான் சேர்க்கவில்லை. எனக்கு உண்மையான கவலை அதில்தான். சென்ற கிழமை தேக்கு அலுமாரியை இழுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தோம். பின்பலகையில் முழங்கால் உயரத்திலிருந்து மேலே, ஒரு ரூபாய் நாணயமளவு சாம்பல்பச்சை வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரவியிருந்தன; ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்தபோது அதன் கீழே பலகை கறுத்து மெதுத்திருந்தது. வெளிச்சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரிக்கே இந்தக் கதி, உள்சுவரோரம் நின்ற புத்தக அலுமாரியில் ஒன்றுமில்லை. காரணம் எளியது. அறையில் 27 பாகையும் 75 சதவீத ஈரப்பதனும் இருக்கும்போது, மழையில் நனைந்த வெளிச்சுவர் 24 பாகைக்குக் குளிர்ந்திருந்தால், அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 90 சதவீதமாகிவிடும். மேற்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். ஆகவே அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்திருக்கிறோம், செலவில்லாத வைத்தியம்.

சுவர் ஈரம் காற்றிலிருந்து படிகிறதா, உள்ளிருந்து வருகிறதா என்று அறிய, ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டு ஒன்றின் நான்கு ஓரங்களையும் சுவரோடு இறுக ஒட்டிவிட்டு, மறுநாள் பார்க்க வேண்டும். அறைப்பக்கம் துளிர்த்திருந்தால் காற்றின் ஈரம்; சுவர்ப்பக்கம் துளிர்த்திருந்தால் சுவரின் ஈரம். எங்கள் பொலித்தீன் சுவர்ப்பக்கமே நனைந்திருந்தது, அதுவும் இந்தக் கச்சான் காலத்தில். வெளியே போய்ப் பார்த்தால், கூரைப் பீலி அந்த மூலையில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, போன மாரி முழுவதும் தண்ணீர் சுவரிலேயே வழிந்து அத்திவாரத்தடியில் தேங்கியிருக்கிறது. அடிச்சுவரில் உப்பும் பூத்திருக்கிறது. அந்தக் காலத்தில் கடல் மணல் கலந்து பூசிய சுவர் என்றால், மழை ஈரம் போதாதென்று அந்த உப்பே காற்றிலிருந்து நீரை இழுக்கும். கறியுப்பு 75 சதவீதத்துக்கு மேல் கசியத் தொடங்கும், கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு அதற்கு வெகு முன்னரே கசிந்துவிடும். குசினியில் உப்புப் போத்தல் மாரியில் தண்ணீர் விடுவதை நீ பார்த்திருப்பாய், அதே செயல்தான். பீலியைத் திருத்தி, சுவரடியில் சரிவு அமைத்துத் தண்ணீரை வெளியேற்றாமல் உள்ளே இயந்திரத்தை வைத்தால், அது மழைநீரைச் சுவருக்கூடாக இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பும் உட்பக்கம் வந்து பளிங்காகிச் சாந்தை உதிர்த்துவிடும். மேசனிடம் பேசியாகிவிட்டது, புரட்டாதிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது எந்த இயந்திரம் என்பது. மூன்று விதம் உண்டு. உள்ளங்கையளவு குளிர்த்தகடு வைத்த மலிவான சிறிய பெட்டிகள் நாளுக்கு அரை லீற்றர்கூட எடுக்க மாட்டா. மேலே போட்ட கணக்குக்கு அவை எந்தப் பதிலும் அல்ல. அவற்றை அறைக்கு ஏற்றதென்று சொல்லி விற்பதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சியோலைற்றுச் சில்லு சுழன்று ஈரத்தை உறிஞ்சும் விதம், குளிரான இடத்திலும் நன்றாக வேலைசெய்யும், ஆனால் அந்தச் சில்லைச் சூடாக்க கூடுதலான மின்சாரம் எடுத்து, அந்த வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும். உங்கள் ஊர்ப் பனிக்காலத்துக் கராஜுக்கு அது பொருந்தும். எங்கள் ஊரில் மாரியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால், கம்பிரசர் விதமே சரி; காற்றைப் பனிபடுநிலைக்குக் (நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்வித்து நீரை ஒடுக்கும் அந்த முறை சூடான, ஈரமான காற்றில்தான் மிகச் சிறப்பாக இயங்கும்.

அளவில் 12 லீற்றர் வேண்டாம், 20 லீற்றரே வேண்டும் என்று நான் சொல்வதற்கும் கணக்குத்தான் காரணம். 12 லீற்றர் இயந்திரம் நடைமுறையில் 6 லீற்றர்தான் தரும் என்றால், நாலரை லீற்றருக்கு நாளில் பதினெட்டு மணிநேரம் உழைத்தே தேய்ந்துபோகும். 20 லீற்றர் இயந்திரம் ஏறக்குறைய பதினொரு மணிநேரத்தில் முடித்துவிட்டு நிற்கும். 300 வாற்று என்றால் நாளுக்கு 3.3 அலகு, மாதத்துக்கு ஏறக்குறைய 100 அலகு. இங்கே பாவனை கூடக் கூட அலகின் விலையும் கட்டம் கட்டமாக ஏறுவதால் இது சிறிய செலவல்ல, ஆனால் மாரி மாதங்களுக்கு மட்டும்தானே. குளிரூட்டி போட்டால் ஈரமும் குறையும் என்று தம்பி சொல்கிறான். குறையும்தான், ஆனால் அந்தக் குளிர் அப்பாவின் நெஞ்சுக்கு ஒத்துவராது. இந்த இயந்திரமோ அறையைச் சற்றுச் சூடாக்கும், ஒரு லீற்றர் நீர் ஒடுங்கும்போது 0.68 அலகளவு வெப்பம் வெளிவரும், மின்சாரத்தின் வெப்பம் வேறு. மழைக்காலத்தில் அவருக்கு அது இதமாகவே இருக்கும்.

வேறு சில அம்சங்களையும் பார்த்து வாங்க வேண்டும். ஈரப்பதனை எங்கள் விருப்பப்படி 55, 60 என்று குறித்துவைக்க வழி இருக்க வேண்டும்; 55க்குக் கீழே போக எங்களுக்குத் தேவையில்லை. மழை நேரத்து மின்வெட்டுக்குப் பிறகு, மின்சாரம் வந்ததும் பழைய அமைப்பிலேயே தானாகத் தொடங்க வேண்டும், அதுவும் கம்பிரசருக்குச் சில நிமிட இடைவெளி கொடுத்து. நிறைந்த தொட்டியை எழுபது கடந்த நாங்கள் தூக்கி ஊற்ற முடியாது, ஆகவே குழாய் பூட்டும் துவாரம் கட்டாயம் வேண்டும். அறையை ஒட்டியே குளியலறை இருப்பதால் குழாயைச் சரிவாக விட்டுவிடலாம். அவருடைய கட்டிலுக்கு அருகே ஓடப்போவதால் சத்தம் 45 டெசிபலுக்கு மேற்படக் கூடாது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். உப்புக்காற்று குளிர்ச்சுருளை அரிக்கும் என்பதால், திருத்துநர் இங்கே நகரில் இருக்கும் வகையையே வாங்குவேன், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. கொழும்பிலிருந்து வந்திறங்கியதும் நிமிர்த்தி ஒரு நாள் வைத்த பிறகே மின்சாரம் கொடுப்போம்.

இருக்கிற பூஞ்சணத்தை இயந்திரம் அழிக்காது என்பதையும் எழுதிவிடுகிறேன். காய்ந்து செத்த பூஞ்சணத்தின் தூளும் தொய்வைத் தூண்டும். எனவே அப்பாவை உன் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் எல்லாவற்றையும் துடைத்து வெயிலில் காயவைக்கப் போகிறேன். அலுமாரியின் பின்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுவோம். உன் கூறைச்சீலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மடிப்பை மாற்றிப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நீ அனுப்ப வேண்டியது ஒன்று உண்டு: நல்ல ஈரப்பதன்மானி இரண்டு, பற்றரியில் இயங்குபவை. அனுப்புமுன் சோதித்துப் பார். போத்தல் மூடியில் கறியுப்பை வைத்துச் சில துளி நீர்விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓரிரவு மூடிவைத்தால் அது 75 காட்ட வேண்டும். கூடக்குறையக் காட்டினால் அந்த வித்தியாசத்தைப் பின்னால் எழுதி ஒட்டிவிடு. ஒன்றை அறை நடுவிலும் மற்றதை அலுமாரிக்குப் பின்னாலும் வைப்பேன்.

பணம் அனுப்புவதானால் பீலிக்கும் சுவருக்கும் வேண்டியதை இந்த மாதமே அனுப்பு. இயந்திரத்துக்கானது புரட்டாதிக் கடைசியில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா