அது கரைக்கு வர்ற படகு இல்ல, கடலுக்குப் போற படகு

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன வாரம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தப் பத்தி ரெண்டு பக்கம் நெறைய போட்டோ போட்டிருந்தீங்க, பாத்ததும் அவ்வளவு சந்தோசம், நம்ம பக்கத்துக் கடக்கரைய யாரு இவ்வளவு பெருசா போடுதாவ. ஆனா மேல இருக்க பெரிய படத்துக்குக் கீழ "அதிகாலையில் மீனோடு கரை திரும்பும் விசைப்படகுகள்"னு எழுதியிருக்கு பாருங்க, அது தப்பு அய்யா. அந்தப் படகெல்லாம் அப்பதான் கடலுக்குப் போகுது. வலை காஞ்சு சுருட்டுனபடி கெடக்கு, மேல ஒரு காக்கா கூட இல்ல, மீனோட வர்ற படகுன்னா கடல்காக்கா சுத்தாம விடுமா? தூத்துக்குடி விசைப்படகு விடியக்கருக்கல்ல கெளம்பினா ராத்திரிதான் கரைக்கு வரும்.

ஒரு வரிதானன்னு விட மனசு வரல. போட்டோ எடுக்க வர்றவங்க எல்லாரும் சூரியன் உதிக்கிற நேரத்துக்கு வந்து, செவப்பு வானம், கறுப்பா நாலு படகு, அதுக்கு நடுவுல கயித்தப் புடிச்சு நிக்கிற ஒரு ஆளுன்னு எடுத்துட்டு எட்டு மணிக்கு டிபன் சாப்பிடப் போயிருதாங்க. அதனால துறைமுகம்னா ஏதோ அமைதியான எடம்னு படிக்கிறவங்க நெனச்சுக்கிடுதாங்க. நான் பாளையங்கோட்டையில ஒரு ஸ்டுடியோவுல கல்யாண போட்டோ எடுக்கிற ஆளு, ஆறு வருசமா மாசத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி பஸ் ஏறி தூத்துக்குடிக்குப் போயிக்கிட்டு இருக்கேன். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு வந்து பாருங்க. ஒரு படகு பக்கத்துல இன்னொரு படகு, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணுன்னு கட்டியிருப்பாங்க, கடைசிப் படகு மீன் கரைக்கு வரணும்னா மத்த படகுகளத் தாண்டி கைமாத்திக் கைமாத்தித்தான் வரணும், இங்கிட்டு ஐஸ் ஒடைக்கிற சத்தம், அங்கிட்டு ஏலம் விடுற சத்தம், லைட்டு வெளிச்சத்துல கூடையக் கவுத்தாங்கன்னா கணவாய் தனியா நண்டு தனியா பொடிமீன் தனியான்னு கை போற வேகத்த கண்ணால தொடர முடியாது. விடிஞ்சதும் நாம மார்க்கெட்ல பேரம் பேசி வாங்குற மீனுக்குப் பின்னால இவ்வளவு பேரோட ராத்திரி இருக்கு. உங்க ரெண்டு பக்கத்துல இதுல ஒண்ணு கூட இல்ல.

புதுசா கேமரா தூக்கிட்டுப் போற தம்பிமாருக்கும் ஒண்ணு சொல்லணும். மொத வருசம் நான் பிளாஷ் போட்டு எடுத்தேன், ஒரு அண்ணாச்சி கூடையத் தோள்ல வச்சு ஒரு படகுல இருந்து அடுத்த படகுக்குக் கால் வைக்கப் போனாவ, அந்த நேரம் பார்த்து பிளாஷ் அடிச்சுட்டேன். கால் தவறிருச்சு, நல்லவேளை கூட நின்னவரு சட்டையப் புடிச்சு இழுத்துட்டாரு. "எலே தம்பி, ரெண்டு படகுக்கு நடுவுல விழுந்தா நசுங்கித்தான் போவேன், ஒனக்குப் படம் கெடச்சிரும்"னு சொன்னாவ. அன்னையோட பிளாஷ கழட்டிட்டேன். கொஞ்ச வெளிச்சத்துலயும் எடுக்க முடியுற 1.8 லென்ஸும், கேமராவுல வெளிச்சத்தக் கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓ 6400ம் போதும், படம் புள்ளி புள்ளியா வந்தா வரட்டும்.

அப்புறம் பொம்பளையாளுக. மீன் தரம் பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு ஆச்சி என்னப் பாத்ததும் முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டாவ. கேமராவ பையில போட்டுட்டு சும்மா பக்கத்துல உக்காந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு அவங்களாவே "மூஞ்சி வேண்டாம்யா, கைய எடுத்துக்கோ"ன்னாவ. பெருவெரல் பக்கத்துல பழைய தழும்பு ஒண்ணு, கெளுத்தி முள்ளு குத்துனதாம், ஒரு ராத்திரி பூரா கடுத்துச்சாம், சுடுதண்ணியில கைய முக்கிக்கிட்டே இருந்தாங்களாம். மணிக்கட்டுல செதிலு ஒட்டி லைட்டுல மினுங்குது. ஆறு வருசத்துல நான் எடுத்ததுல எனக்குப் புடிச்சது அந்தக் கை படம்தான். மறுமாசம் பிரிண்ட் போட்டுக் குடுத்தேன், மடியில வச்சுக்கிட்டாவ. எடுத்த படத்த அவங்க கையில கொண்டு போய்க் குடுங்கய்யா, அதுக்கு என்ன பெரிய செலவு? படகு ஓட்டுற ஒரு டிரைவர் அண்ணன் பிரிண்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "படகு நம்பர் தெரியலையே"ன்னு வருத்தப்பட்டாரு, அதுல இருந்து நம்பர் தெரியுற மாதிரிதான் நிக்க வச்சு எடுக்குறேன், அவங்களுக்கு அதுதான் முக்கியம்.

இன்னொண்ணு, மீன்பிடித் தடைக்காலம். வருசா வருசம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, முன்னாடி 45 நாளா இருந்தத 2017ல கூட்டிட்டாங்க. அந்த ரெண்டு மாசம் எந்தக் கேமராவும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல. ஆனா அப்பதான் படகக் கரையில ஏத்தி பலகை மாத்தி, பெயிண்ட் அடிச்சு, இஞ்சினப் பிரிச்சுப் போட்டு வேல நடக்குது, வீட்டுல வருமானம் இல்லாத நேரமும் அதுதான். அடுத்த தடைக்காலத்துக்கு உங்க போட்டோகிராபர அனுப்புங்க. உவரி, கூடுதாழை, இடிந்தகரை பக்கமும் அனுப்புங்க, அங்க பைபர் படகு மணல்லயே வந்து ஏறும், அது வேற மாதிரி ஒலகம்.

வர்ற இதழ்ல அந்த வரிய மட்டும் திருத்திப் போட்டுருங்க, படகுல இருந்தவங்க பாத்தா சங்கடப்படுவாங்க. திரும்ப ஆள அனுப்புறதா இருந்தா சனிக்கிழமையா அனுப்புங்க, தூத்துக்குடியிலயே இருக்க திரேஸ்புரத்துல நாட்டுப்படகும் அன்னைக்கு நெறைய கரைக்கு வரும். ஞாயித்துக்கெழம வேண்டாம், அன்னைக்குப் பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை