தோப்பு வீட்டில் பார்த்த பேய்ப்படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேய்ப்படம் என்றாலே காதைப் பிளக்கும் சத்தம்தான் என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாங்காய்க் காவலுக்குத் தோப்பு வீட்டில் தனியாகப் படுத்திருந்த ஓர் இரவு, 1961இல் வந்த ‘தி இன்னொசென்ட்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தைக் கைபேசியில் பார்த்தேன். ஒதுக்குப்புறமான மாளிகை, இரண்டு பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணாக நடிகை டெபோரா கெர். தோட்டத்துச் சிலையின் வாயிலிருந்து ஒரு வண்டு மெல்ல வெளியே வருகிறது. அவ்வளவுதான், முதுகு சில்லிட்டுவிட்டது. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி பிரான்சிஸ், கேமரா லென்ஸில் பொருத்தும் ஃபில்டரின் ஓரங்களில் சாயம் பூசியே திரையோரம் இருட்டைக் கொண்டுவந்தாராம். பேய் உண்மையா, அந்தப் பெண்ணின் மனப்பிரமையா? விடியும்வரை தூக்கமில்லை. சரி, இப்படிப்பட்ட பழைய படங்களைப் பற்றியும் வாரம் ஒன்று எழுதுங்களேன்.

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்