'கடல்' என்று தேடினால் கடற்கரை வராது

ஆசிரியருக்கு வணக்கம். தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுத் தந்த குறுந்தொகையை மடிக்கணினியில் வைத்துத்தான் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி 'கடல்' என்று தேடிவிட்டு, "இவ்வளவுதானா ஐயா?" என்றாள். நெய்தலில் கடலுக்கா பஞ்சம்! கணினிக்குப் புள்ளி வைத்த 'ல்' வேறு, 'கடலும்' என்பதில் வரும் 'லு' வேறு. அடுத்த சொல்லோடு சேரும் புணர்ச்சியில் 'கடற்' ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். சரி, 'கட' என்று தேடினோம்; கடவுளும் கடுவனும் சேர்ந்து வந்தார்கள். அன்று இலக்கண வகுப்புக்கு யாரும் கொட்டாவி விடவில்லை. ஆனாலும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மூலத்துக்குப் பக்கத்திலேயே சந்தி பிரித்த பாடத்தையும், சொல்லின் அடிவடிவத்தையும் மின்பதிப்பில் சேர்த்துத் தந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

- தமிழ் விரிவுரையாளர், தஞ்சாவூர்