மன்னருக்கு முப்பது நாள் கெடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடியாட்சி இனியும் வேண்டுமா என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதன்மேல் வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தோம். வேண்டும் என்பவர்கள் சுற்றுலா வருமானத்தைக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் அரண்மனைச் செலவைக் காட்டுகிறார்கள். மன்னர் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வழக்கே அங்கேதான் இருக்கிறது.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பிரிட்டனில் 2011-ம் ஆண்டுச் சட்டப்படி, அரச பதவிக்கு உரிய ‘மகுட நிலங்களின்’ லாபத்தில் ஒரு பங்கு அரசருக்கு மானியமாகப் போகிறது. தொடக்கத்தில் 15 சதவீதம். பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய வயரிங்கையும் குழாய்களையும் மாற்றுவதற்காக அதை 25 ஆக்கினார்கள். 2024-25 முதல் 12. ‘சொந்த நிலத்தை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு அரசர் சில்லறை வாங்குகிறார்’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த நிலம் அரசரின் சொந்தச் சொத்தல்ல, அவரால் அதை விற்கவும் முடியாது. எதிர்த்தரப்பும் ஒன்றை விட்டுவிட்டது: காவல் செலவு அந்த மானியத்தில் சேராது. சுற்றுலா வாதத்துக்கு நம் வேலூர்க் கோட்டையே பதில். உள்ளே ராஜா இல்லாமலேயே ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருகிறது.

இனி கையெழுத்து. பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுத்தவர் ஆன் அரசி, 1708-ல். முந்நூறு ஆண்டாக யாரும் மறுக்காததால் மறுக்கவே முடியாது என்று ஆகிவிடாது. அது வழக்கம், எழுதிவைத்த தடை அல்ல. வழக்கத்தை நம்பியிருந்த ஆஸ்திரேலியா 1975 நவம்பர் 11 அன்று திகைத்து நின்றது. மேலவை பட்ஜெட்டை நிறுத்திவைத்திருந்த நேரம். கீழவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் விட்லமை, அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பதவியிலிருந்து நீக்கினார். அன்று பிற்பகலே கீழவை புதிய பிரதமர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. அதைத் தெரிவிக்கப் போன சபாநாயகரைக் காக்கவைத்து, அவருக்கு முகம் காட்டுமுன்பே இரு அவைகளையும் கலைத்துவிட்டார் கெர்.

பெல்ஜியத்தில் 1990-ல் நடந்தது வேடிக்கை. கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனசாட்சி இடம்தரவில்லை என்றார் அரசர். அமைச்சர்கள் அரசியல் சாசனத்தைப் புரட்டி, ‘அரசர் ஆள இயலாத நிலையில் இருக்கிறார்’ என்று அறிவித்து, சட்டத்தில் தாங்களே கையெழுத்திட்டார்கள். ஓரிரு நாளில் நாடாளுமன்றம் கூடி அவரை மறுபடி அரியணையில் அமர்த்தியது. கெட்டிக்கார ஒட்டுவேலைதான். ஆனால் எப்போதும் ஒட்டும் என்று சொல்ல முடியாது.

சுவீடன் ஒட்டுப்போடவில்லை, கிழிசலுக்கே இடம் வைக்கவில்லை. 1974-ம் ஆண்டு சாசனத்தின்படி அங்கே அரசர் சட்டத்தில் கையெழுத்தே போடுவதில்லை. பிரதமர் பெயரை முன்மொழிவதும் சபாநாயகர்தான். ஜப்பான் சாசனத்தின் 4-ம் பிரிவு, ஆட்சி தொடர்பான அதிகாரம் எதுவும் பேரரசருக்கு இல்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறது. மலேசியாவில் ஒன்பது மாநிலங்களின் மன்னர்கள் முறைவைத்து, ஐந்தாண்டுக்கு ஒருவராகப் பேரரசர் ஆகிறார்கள். 1994 திருத்தத்துக்குப் பிறகு, மசோதா வந்து 30 நாளில் பேரரசர் ஒப்புதல் தராவிட்டால், தந்ததாகவே கொண்டு அது சட்டமாகிவிடும்.

மன்னர் வேண்டும் என்பவர்களின் மிக வலுவான சான்றை அந்தத் தரப்பில் யாரும் எழுதாதது எங்களுக்கு வியப்பு. ஸ்பெயினில் 1981 பிப்ரவரி 23 அன்று துப்பாக்கியோடு சிலர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது, அரசர் ஹுவான் கார்லோஸ் ராணுவ உடையில் தொலைக்காட்சியில் தோன்றி, தான் ஜனநாயகத்தின் பக்கம் என்றார். கலகம் அடங்கியது. கட்சி சார்ந்த ஒரு குடியரசுத் தலைவர் சொன்னால் படை அப்படிக் கேட்டிருக்குமா என்பது நியாயமான கேள்வி. இத்தாலியில் 1922 அக்டோபரில், முசோலினியின் படை ரோமை நோக்கி வந்தபோது, அதைத் தடுக்க அமைச்சரவை நீட்டிய ராணுவச் சட்ட ஆணையில் கையெழுத்திட மறுத்தவரும் ஒரு மன்னர்தான். 1946 வாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் முடியாட்சியே வேண்டாம் என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரு நாட்டின் தலையெழுத்து ஒரு தனி மனிதரின் சுபாவத்தில் தொங்கியது. எங்களுக்கு முடியாட்சி ஒப்பாததற்கு முதல் காரணம் இதுவே.

இன்னொரு காரணத்தை வேலூரிலேயே பார்க்கலாம். 1806 ஜூலை 10 புரட்சியில் சிப்பாய்கள் கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மகன் பத்தே ஹைதரை மன்னர் என்று அறிவித்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே அடக்கிவிட்டது. பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அடங்கியிருக்கும், இலங்கையின் கண்டி அரசின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் 1815-ல் பிடிபட்டு, இங்கேயே சிறையிருந்து 1832-ல் இறந்தார். ஆங்கிலேயர் கண்டித் தலைவர்களோடு செய்த 1815 ஒப்பந்தம் அவருடைய ஆண் உறவினர் எல்லாரையுமே பகைவர் என்றது. காரணம் இல்லாமல் இல்லை: 1817-ல் கிளர்ச்சி வெடித்தபோது, அதன் முன்னால் நிறுத்த ‘துரைசாமி’ என்று மன்னர் உறவு சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். ரத்தமே உரிமைப் பத்திரம் என்றால், வாரிசாகப் பிறந்தவன் ராஜினாமா செய்யக்கூட வழியில்லை.

இடையில் ஒரு திருத்தம். இந்தியாவில் 1971-ல் எல்லாப் பட்டங்களும் ஒழிந்தன என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆண்டு வந்த 26-வது அரசியல் சாசனத் திருத்தம் எடுத்தது சமஸ்தான மன்னர்களின் மானியத்தையும் அங்கீகாரத்தையும். ஆற்காட்டு நவாபு பதவியை வாரிசில்லை என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1855-லேயே முடித்துவிட்டது. பிறகு விக்டோரியா அரசி கொடுத்த ‘ஆற்காடு இளவரசர்’ பட்டம் வேறு வகை. அது இன்றும் தொடர்கிறது.

முடியை எடுப்பது சுலபம் என்ற எண்ணமும் தவறு. ஆஸ்திரேலியாவில் 1999 வாக்கெடுப்பு கிட்டத்தட்ட 55 சதவீத எதிர்ப்பில் தோற்றது. குடியரசை விரும்பியவர்களே, தலைவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதா மக்களா என்பதில் பிரிந்துபோனார்கள். காலியாகும் நாற்காலியில் யார், எந்த வழியில் வருவார் என்பதை முதலில் முடிவு செய்யாமல் வாக்குப்பெட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும். பார்படாஸ் 2021-ல் வாக்கெடுப்பே வைக்காமல், இருந்த கவர்னர் ஜெனரலையே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, நவம்பர் 30 அன்று வேலையை முடித்தது. அந்த நாற்காலியின் அதிகாரங்கள் பெரும்பாலும் அப்படியே கைமாறின.

நாமும் அதைத்தான் செய்தோம். 1950 ஜனவரி 26 வரை நமக்கும் ஆறாம் ஜார்ஜ்தான் அரசர். அவரை விட்டோம். ஆங்கிலேயர் காலத்து 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 75-ம் பிரிவு சாயலிலேயே, மாநில மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றி நம் சாசனத்தில் 200-ம் பிரிவை எழுதிக்கொண்டோம். மசோதாவைத் திருப்பி அனுப்ப ‘இயன்ற விரைவில்’ என்று மட்டும் இருக்கிறது, நாள் கணக்கு இல்லை. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆளுநருக்குக் கெடு விதித்தது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது என்றது. ஆக, மலேசியாவில் பரம்பரைப் பேரரசருக்கு 30 நாள் கெடு. இங்கே நியமன ஆளுநருக்குக் கெடுவே இல்லை.

கட்டுரையாளர் இந்தப் பொருளில் மேலும் எழுதினால், மலேசியச் சாசனத்தின் 66-ம் பிரிவையும் நம் 200-ம் பிரிவையும் தமிழில் பெயர்த்து அடுத்தடுத்த பத்தியில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் ஆசிரியர்கள் இருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்