தொடையில் தெரிந்த குடல் ஓட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மேற்படிப்பில் இடம் கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலி பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. இப்போது தேவலையா?

போன மாதம் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். எழுபதைத் தாண்டிய அம்மா, சர்க்கரை நோய் வேறு. இடது தொடையில் வலி, காய்ச்சல், காலை நீட்ட முடியவில்லை. மூட்டுப் பிரச்சினையாக இருக்கும் என்று எலும்புப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் மூட்டு நன்றாகவே இருந்தது. தொடையின் உட்பக்கத்தை மெல்ல அழுத்தினேன். தோலுக்கடியில் நறநறவென்று காற்று நகர்வது விரலுக்குத் தெரிந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் காற்று எங்கிருந்து வரும்?

வயிறு மெத்தென்றுதான் இருந்தது. நிற்கவைத்து எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்றும் இல்லை. இங்கேதான் நாம் ஏமாந்துபோவோம். குடலில் விழுந்த ஓட்டை வயிற்றறைக்குள் திறந்தால் வயிறு பலகையாக இறுகும், காற்று மேலே ஏறும். வயிற்றறை உறைக்குப் பின்னால் திறந்தால் இரண்டும் நடக்காமலே போகலாம். சீழும் காற்றும், இடுப்பு முதுகெலும்பிலிருந்து தொடை எலும்புக்கு இறங்கும் சோவாஸ் தசையை ஒட்டியே தொடைக்கு இறங்கிவிடும். அவர் காலை மடக்கியே வைத்திருந்ததற்கும் அந்தத் தசைதான் காரணம். சிடி ஸ்கேனில் மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள சிக்மாய்டு பெருங்குடலில் ஒரு டைவர்டிகுலம், அதாவது குடல் சுவரில் புடைத்த சிறு பை, வெடித்திருந்தது தெளிவாகத் தெரிந்தது.

அன்று இரவே தொடையைத் திறந்து அழுகிய சதையை வெட்டி எடுத்தோம். அதே மயக்கத்தில் ஹார்ட்மன் ஆபரேஷனும் செய்தோம். கெட்டுப்போன குடலை நீக்கி, மேல்முனையை வயிற்றுத் தோலில் திறந்துவிட்டு, கீழ்முனையை மூடினோம். தொடையை மட்டும் சுத்தம் செய்துகொண்டிருந்தால் பிழைத்திருக்கமாட்டார். மூல ஓட்டையை அடைக்காமல் எந்த ஆன்டிபயாடிக்கும் கைகொடுக்காது. புண்ணை மறுபடியும் திறந்து கழுவ வேண்டியிருந்தது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

சரி, நீ எழுதியிருந்த அந்தப் பையனுக்கு வருகிறேன். குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆகியும் குளிர்காய்ச்சல் விடவில்லை, கண்ணில் லேசான மஞ்சள் என்கிறாய். வயிற்றுக்குள் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதே. குடலின் ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் நாளம் வழியாகத்தான் கல்லீரலுக்குப் போகிறது. அந்த நாளத்தில் கிருமியோடு ரத்தம் உறைந்துபோயிருக்கலாம். பைலிபிளபைட்டிஸ்! அபூர்வம்தான், ஆனால் விட்டால் கல்லீரல் முழுக்கச் சீழ்க்கட்டியாகும். சாயம் செலுத்தி, போர்ட்டல் நாளம் நிறையும் கட்டத்தில் சிடி எடுக்கச் சொல். அதற்குள் ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிடு. பாக்டீராய்டிஸ், ஈ.கோலை என்ற குடல் கிருமிகள் இரண்டையும் பிடிக்கிற ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்கு. நோய் அதுதான் என்றால் பொதுவாக 4 முதல் 6 வாரம் தேவைப்படும். கல்லீரலில் பெரிய கட்டி இருந்தால் ஊசிவழியே வடித்துவிடலாம்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. உறைவு குடல் நாளத்துக்குப் பரவுவது தெரிந்தால் குடலே அழுகும் அபாயம் உண்டு என்பதால், ரத்தக்கசிவு இல்லாதவரை நான் கொடுத்துவிடுவேன். இன்னொன்று, அவன் ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறானா என்று கேள். வயிற்றின் அறிகுறிகளை அது அப்படியே மறைத்துவிடும்.

ஸ்கேன் படங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு. நள்ளிரவானாலும் தயங்காமல் கூப்பிடு.

என்றும் அன்புடன்,
உன் விடுதித் தோழன்